ஒரே வெட்டு, இரண்டு சுரங்கம்

மதிய உறக்கம் கலைந்து பராகுவேயின் சியூடாட் டெல் எஸ்தே நகரம் மறுபடி கடை திறந்த மூன்று மணிக்கு, நிமியா என்ற நாணயம் பிறந்து ஒரு நாள் முடிந்திருந்தது.

பிட்காயின் என்றாலே ஊர் சிரித்த காலம். மனைவியின் பிறந்தநாளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் டெர்லிஸ் புதிதாக ஒரு நாணயத்தையே உருவாக்கி, அவள் பெயரை வைத்தான்.

செல்போன் பழுதுபார்த்த நேரம் போக, மீதிப் பொழுதெல்லாம் இதற்கே போனது.

புது நாணயத்தைக் காக்க ஊர்ப்பட்ட கணினிகள் வேண்டும். அதற்கும் வழி செய்திருந்தான். பிட்காயின் தோண்டும் கணினிகள் அதே உழைப்பில் நிமியாவையும் தோண்டலாம். கூடுதல் மின்சாரம் இல்லை.

பெரியவர்கள் வந்து காவல் நிற்பார்கள் என்று இணைய மன்றத்தில் எழுதினான்.

வந்தார். ஒரே ஒருவர்.

பல நாட்டுக் கணினிகளைச் சேர்த்துத் தோண்டும் ஒரு கூட்டுச் சுரங்கத்தின் தலைவர். உறுப்பினர் ஒருவரையும் கேட்காமல், அத்தனை பேரின் உழைப்பையும் நிமியாவின் மேல் திருப்பினார். பாதிக்கு மேல் பலம் கைக்கு வந்ததும், நிமியாவின் கணக்கேட்டில் எந்தக் கொடுக்கல் வாங்கலும் பதிவாகாதபடி வெற்றுப் பக்கங்களாக எழுதித் தள்ளினார்.

குட்டி நாணயங்களிடமிருந்து பிட்காயினைக் காப்பாற்றுகிறாராம். மன்றத்தில் ஏகப்பட்ட கைதட்டல்.

டெர்லிஸ் மனைவிக்கு அனுப்பிய முதல் நிமியா இன்னும் போய்ச் சேரவில்லை.

அவளுடைய அண்ணன் அர்னால்டோ தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைப் பானத்தை உறிஞ்சிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தான்.

“என்ன மாப்ளே, ஒரே நாள்ல என் தங்கச்சியைப் பொட்டியில வச்சு மூடிட்டே?”

டெர்லிஸ் மன்றத்தில் எழுதிக்கொண்டிருந்தான். அந்தத் தலைவருக்குக் கணினி கொடுத்து உதவுகிறவன் எவனோ, அவன் கை விளங்காமல் போகட்டும். தன் உழைப்பு யார் கழுத்தை அறுக்கிறது என்று கேட்காதவனெல்லாம் மனிதனா?

முகம் தெரியாத நாலைந்து பேர் ஆமோதித்தார்கள். அர்னால்டோவும் தலையாட்டினான்.

பின்னறைக் கதவு திறந்தது. முதலில் வெக்கை வந்தது, பிறகு மின்விசிறிகளின் இரைச்சல். கடைசியாக, கையில் செல்போனோடு நிமியா.

“நீ எழுதினதைப் படிச்சேன் டெர்லிஸ். பிட்காயின் தோண்ட நான் இங்க ஓட்டுற நம்ம நாலு மிஷினும் அந்த ஆளோட கூட்டத்துலதான் ஓடுது. நிறுத்தவா, இல்ல இந்த மாசக் கடை வாடகை வரட்டுமா?”