பௌர்ணமிக் கடிதம்

"செத்துப்போன மனுஷனுக்கு இன்னும் எத்தினி லெட்டர்தான் அனுப்புவீங்க? மனசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லையா உங்களுக்கெல்லாம்?"

கஸ்தூரி போட்ட சத்தத்தில், வரவேற்பறையில் காபி குடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் கோப்பையோடு வெளியே நழுவினார். செங்கம் சாலையில் இருக்கும் அந்த விடுதிக்கு அவள் திருக்கோவிலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்ததால் இப்போது எதற்கும் பஞ்சமில்லை.

விடுதியின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்ளும் அருண்பிரசாத் அவசரமாக எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா. போன மாசம் போன்ல பேசினது நீங்கதானே? அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் பேர எடுத்துட்டேனே."

"எடுத்த லட்சணம் இதான்!" போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'அன்புள்ள சகாதேவன், பௌர்ணமி வருகிறது. கிரிவலம் முடிந்து களைத்து வரும் உங்களுக்காக நம் விடுதி காத்திருக்கிறது' என்று சிரித்த முகமாக ஆரம்பித்தது கடிதம். பின்னால் மலையும் முழு நிலாவும் வேறு.

"காத்திருக்குதாம்! அந்த மனுஷன் தென்பெண்ணை வெள்ளத்துல போய் ரெண்டு வருஷம் ஆவுது. ஒடம்புகூடக் கெடைக்காமலேயே கருமாதி பண்ணி முடிச்சாச்சு. அவரு வீட்டுல வெச்சிட்டுப் போன போன்லதான் எம் பொண்ணு கவிநிலா பாடம் படிக்குது. இந்த லெட்டர் வந்து விழுற அன்னிக்கெல்லாம் அது சோறு தின்ன மாட்டேங்குது. அப்பா பேரப் பாத்துப் பாத்து அழுவுது. படிக்கிற புள்ள தம்பி, பரீட்சைய வெச்சிக்கிட்டு அழுவுது!"

"கீழ 'வேண்டாம்'னு ஒரு பட்டன் இருக்கும்க்கா..."

"அத அமுக்கி அமுக்கி என் விரல் தேஞ்சிருச்சு. மாசாமாசம் நானும் அமுக்கறேன். நீயும் எடுத்துட்டேன்னு சொல்ற. அடுத்த பௌர்ணமிக்கு டாண்ணு வந்து நிக்குது!"

அருண்பிரசாத் தலையைச் சொறிந்தான். கோபப்படுகிறவர்களிடம் கம்ப்யூட்டர் சமாசாரத்தை விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் விளக்கினான்.

"இங்க ரெண்டு இடம் இருக்குதுக்கா. லெட்டர் போற லிஸ்ட் ஒண்ணு. ரூம் போடறவங்களோட அக்கவுண்ட் ஒண்ணு. நீங்க பட்டன அமுக்கினது லிஸ்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். அக்கவுண்ட்ல 'லெட்டர் வேணும்'னு டிக் இருந்தா, லிஸ்ட்ல ஒரு ஆளு கம்மியா இருக்குதேன்னு சிஸ்டமே மறுபடியும் சேத்துடும்."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதா? இது இன்னா மிஷினு?"

அவன் சகாதேவனின் அக்கவுண்ட்டைத் திறந்தான். புருவத்தைச் சுருக்கி ஏதோ முணுமுணுத்தான்.

"இன்னா முணுமுணுக்கிற? எங்கிட்ட சத்தமாச் சொல்லு."

"இல்லக்கா, போன மாசம் இந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். மறுபடியும் விழுந்திருக்கு. எப்படின்னு தெரியல."

"எடுத்திருந்தாத்தானே! பொம்பள தானே கேக்கறா, எதையாவது சொல்லி அனுப்பிடலாம்னு நெனப்பு. நான் இன்னிக்குப் போற மாதிரி வரல. இது முடியுற வரைக்கும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

"எதுக்குக்கா வம்பு? அக்கவுண்ட்டையே மொத்தமா அழிச்சுடறேன். அப்புறம் லெட்டர் வர வழியே இல்ல."

"அழி. என் கண்ணு முன்னாடி அழி."

அப்படிச் சொல்ல வேண்டி வந்ததற்கும் சேர்த்து அவளுக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. ரேஷன் கார்டில் பேர் எடுத்தாள், பேங்கில் எடுத்தாள். கடைசியில் இங்கேயும் எடுக்க வேண்டியிருக்கிறது. எத்தனை தடவைதான் ஒரு மனுஷனைச் சாகடிப்பது?

அருண்பிரசாத் தட்டினான். மறுபடி தட்டினான்.

"அழிக்க விட மாட்டேங்குது."

"அதானே பாத்தேன்! ஓனரக் கூப்பிடு. இல்லன்னா நான் போலீசுக்குப் போறேன். செத்தவங்க பேர்ல ஆள் கணக்கு ஜாஸ்தி காட்டறீங்களா?"

"அதெல்லாம் இல்லக்கா." அவன் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "ஒரு புக்கிங் பாக்கி இருந்தா அக்கவுண்ட்ட அழிக்க முடியாது. ரூம் போட்டாலே அந்த டிக்கும் தானா விழுந்துடும். புக்கிங் விவரம் போன் நம்பருக்குத்தான் போவும், மெயிலுக்கு லெட்டர் மட்டும்தான்."

"இன்னா புக்கிங்? யாரு போட்டது?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

வருகிற பௌர்ணமிக்கு ஓர் அறை. பழைய வாடிக்கையாளர் என்பதால் பத்து சதவீதம் கழிவு. போன் நம்பர் புதிது. பெயர் சகாதேவன். உடன் வருபவர், கீதாஞ்சலி, மனைவி. அதற்குக் கீழே போன பௌர்ணமி, அதற்கு முந்தின பௌர்ணமி என்று வரிசையாக அதே இரண்டு பெயர்கள்.

கஸ்தூரி ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். அருண்பிரசாத்துக்கு அவள் சத்தம் போட்டிருந்தாலே தேவலை என்று இருந்தது.

"அக்கா... புக்கிங்க கேன்சல் பண்ணிட்டு அழிச்சுடட்டுமா?"

"வேணாம் தம்பி." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். "அவரு ரூம் அப்படியே இருக்கட்டும், லெட்டரும் தவறாம வரட்டும். பக்கத்து ரூம என் பேருக்கும் எம் பொண்ணு பேருக்கும் போடு."