ஒன்பது இடத்தில் ஒரே வரி

கிடங்குக்கு வரப்போகும் மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டு எழுத வந்தவள், மேலாளர் முன்னால் பட்டியலை விரித்தாள்.

“சார், சரக்கு ஏத்துறது, இறக்குறது, லீவு குடுக்குறதுன்னு ஒன்பது வேலைக்கும் அடியில ‘மேலாளர் அனுமதி வேணும்’னு ஒரே வரியைச் சொல்லியிருக்கீங்க.”

“பின்னே? நான் தலையாட்டாம இங்க ஒரு துரும்புகூட அசையக் கூடாது.”

“அசையாது சார். ஆனா எல்லாத்துக்கும் பொதுவானதை ஒன்பது இடத்துல எழுத வேண்டாம். தனியா எடுத்து, முதல் பக்கத்துல ஒரே தடவை எழுதிடலாம். அதுவே ஒன்பதுக்கும் பொருந்தும்.”

“முதல் பக்கத்துலயா?” மேலாளர் மீசையைத் தடவியபடி கையெழுத்துப் போட்டார்.

மாலையில் முதலாளி அவளை எதிரே உட்காரவைத்து அந்தப் பக்கத்தைப் படித்தார்.

“நேத்து அவர் பல்லு பிடுங்கப் போன மூணு மணி நேரமும் வண்டியெல்லாம் வாசல்லயே நின்னுது. இந்த வரியை எடுத்துட்டா?”

“வேற எதையும் தொட வேண்டியதில்லை. வண்டி அது பாட்டுக்குப் போகும்.”

முதலாளி ஒரே கோடாக அடித்தார்.

“ஒவ்வொரு இடமா அடிச்சிருந்தா வீட்டுல ஒன்பது நாள் சண்டை. இப்ப ஒரு நாளோட போச்சு” என்று பேனாவை மூடினார் முதலாளியம்மா, மேலாளரின் மனைவி.