இரண்டாவது ஊசி

காலையில் தறிக்கூடத்தில் அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தபோது துளசிமணிக்குத் தொடங்கிய படபடப்பு, ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் அடங்கவில்லை. துடிப்பு நிமிடத்துக்கு இருநூறைத் தாண்டியிருந்தது.

“இந்த மருந்து இதயத்துல ஓடுற மின்சாரத்தைச் சில நொடி மறிக்கும்மா. துடிப்பு நின்னு, மறுபடி ஒழுங்காத் தொடங்கும். அந்த நேரம் மட்டும் பயமா இருக்கும்” என்றார் டாக்டரம்மா.

துளசிமணி கணவர் குப்புராஜின் கையைப் பற்றிக்கொண்டாள். ஊசி ஏறியது. யாரோ மார்பின்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்ததுபோல் இருந்தது. பிறகு உள்ளே ஓசையே இல்லை. தான் செத்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. கணவரின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. சட்டென்று துடிப்பு திரும்பியது, அதே பழைய வேகத்தில்.

“இந்த அளவு பத்தலை. ரெண்டு மடங்கு போடணும்.”

“வேண்டாங்க, விட்டுருங்க” என்று குப்புராஜ் கெஞ்சினார். துளசிமணி ஒரு கையை டாக்டரிடம் நீட்டினாள். இன்னொரு கையைக் கணவரிடமிருந்து உருவிக்கொண்டாள்.

“ஏனுங்க, இந்தவாட்டி என்ற கையப் புடிக்காதீங்க. போறப்ப உங்களையும் இழுத்துட்டுப் போயிருவனாட்ட இருந்துச்சு.”

மறுபடியும் அந்தக் கல், அந்த அமைதி. இம்முறை அது நீண்டது.

“சரியாயிடுச்சும்மா, எண்பத்திரண்டு” என்ற குரல் கேட்டுக் கண் திறந்தாள். கால்மாட்டில் குப்புராஜ் அவளுடைய இரண்டு பாதங்களையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்.

“விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

அவர் விடவில்லை.