பேர்னாட்டின் கதிரை

“சம்பளம் எவ்வளவு ஐயா?” என்றுதான் இளையதம்பி முதலில் கேட்டான். பிரதேச சபை உறுப்பினராக வருகிறாயா என்று கேட்க வந்த தவிசாளர் வினாயகமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சண்டைக் காலம்; உழவு இயந்திரம் ஓட டீசலுக்குத் தடை. அதனால் அந்தப் போகம் எருமைகளை விட்டுத்தான் சூடடித்தார்கள். தவிசாளர் சைக்கிளை வரம்பில் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்துக்குள் வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, எருமைகளைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருந்த இராசதுரை, “மூத்த மகன் எப்பிடி ஐயா, கொழும்பிலதானே?” என்று குசலம் விசாரித்தான்.

“பொலி,” என்றார் தவிசாளர். களத்துக்குள் கால் வைக்கிறவர் சொல்லுகிற முதல் சொல் அதுதான். இராசதுரையும் “பொலி, பொலி” என்று சொல்லி எருமையைத் தட்டினான்.

சபையில் உறுப்பினராக இருந்த பேர்னாட்டைப் போன மாதம் சந்தியில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். யார் சுட்டதென்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. தொண்ணூற்று நாலாம் ஆண்டுத் தேர்தலுக்கு ஆள் போதாமல் பட்டியலின் அடியில் இளையதம்பியின் பெயரையும் போட்டிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட, பேர்னாட்டின் கதிரை இப்போது அவன் தலையில் வந்து விடிந்திருந்தது.

“சம்பளமெண்டு சொல்லேலாது. கொடுப்பனவு எண்டு ஒண்டு தாறாங்க,” என்றார் தவிசாளர். “நீ இஞ்ச ஒரு கிழமை சூடடிச்சி எடுக்கிற கூலிதான் அங்க ஒரு மாசத்துக்கு.”

“அதுக்கு இந்த எருமைக்குப் பின்னால போறது திறம் ஐயா!” என்று கத்தினான் இராசதுரை. “எருமையச் சுட ஆரும் வாறதில்ல...” சொல்லி முடிக்கும் முன்னே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

களத்துக்குள் ‘இல்லை’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. வந்தால் குவிந்த நெல்லும் குறைந்துபோகும். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்திலும் ‘பொலி’ என்றுதான் சொல்ல வேண்டும். இராசதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டு ‘பொலி’ சொன்னான்.

“கொடுப்பனவைக் கூட்டித் தாங்க எண்டு சபையில தீர்மானம் எடுத்து அனுப்பினம். அது எந்த அலுமாரிக்குள்ள கிடக்கோ,” என்றார் தவிசாளர். “நியாயமான கூலி குடுக்காத கதிரைக்கு ஆர் வருவான்? ஒண்டில் கள்ளன் வருவான். மற்றது, வேற கதியத்தவன் வருவான்.”

“அப்ப நீங்க எந்த வகை ஐயா?” என்று கேட்டான் இராசதுரை.

தவிசாளர் சிரித்துவிட்டுச் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

இராசதுரை வைக்கோல் உதறுகிற சாட்டில் இளையதம்பியின் காதுக்குள் குனிந்தான். “மச்சான், மனிசன் கிழமைக்கு ஒருக்கா ஆமிக் காம்புக்குப் போறார். அங்கத்தப் பெரியவனோட தேத்தண்ணி குடிச்சிப்போட்டுத்தான் கிறுகி வாறாராம். கொடுப்பனவில சீவிக்கிறவருக்கு அங்க என்ன அலுவல்? ஏதோ பங்கு வாங்கத்தான்!”

இளையதம்பி கையிலிருந்த கம்பைக் கீழே போட்டான்.

“ஐயா, மெம்பர் எண்டா காம்புக்குள்ள விடுவாங்களா?”

“விடுவாங்க. இருக்கக் கதிரையும் தருவாங்க.”

“பெரியவனோட நேர கதைக்கலாமா?”

“கதைக்கலாம்.”

“அப்ப நான் வாறன் மெம்பருக்கு.”

“விசராடா உனக்கு?” இராசதுரை எருமைகளை விட்டுவிட்டு ஓடிவந்தான். “பேர்னாட்டுக்கு நடந்தது மறந்துபோச்சா? நாளைக்கு உனக்கும் அதுதான். உன்ட பெண்சாதி அன்னப்பூரணி வெள்ளைச் சீலையோட நிப்பாள்!”

“அவள் இப்பவும் நிக்கிறாள்தானே, காம்பு வாசல்ல,” என்றான் இளையதம்பி. “சுற்றிவளைப்பில கொண்டுபோன என்ட பொடியனைக் கேட்டு ரெண்டு பேரும் நாயாப் போறம், வாறம். வாசலோட துரத்துறாங்க. மெம்பரா உள்ளுக்குப் போனா மறுகா துரத்தேலாதே. ஆளைக் காட்டத்தானே வேணும், என்ன ஐயா?”

தவிசாளர் குவிந்துகிடந்த நெற்பொலியை ஒரு தரம் பார்த்தார். இளையதம்பியை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பி, மெல்லக் களத்தை விட்டு நடந்தார்.

இளையதம்பி பின்னாலேயே போனான். “சம்பளம் உங்கட சபையிலேயே கிடக்கட்டும் ஐயா. சுட்டாலும் சுடட்டும். பொடியனை ஒருக்காக் காட்டினாப் போதும். காட்டுவாங்கதானே?”

வரம்பில் ஏறித் தவிசாளர் செருப்பை மாட்டினார். சைக்கிளை நிமிர்த்திக் கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டு போனார். களத்தின் எல்லை பின்னால் போய்விட்டதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“இல்லை இளையதம்பி,” என்றார். “கொழும்பிலயெண்டு ஊர் நினைக்கிற என்ட மூத்தவனைக் கேட்டுத்தான் நானும் இந்தக் கதிரைக்கு வந்தன். தேத்தண்ணி மட்டும்தான் தாறாங்க.”