முதல் உதை

பெட்ரோலில் கலந்த எத்தனால் பழைய வண்டிகளின் ரப்பர் குழாயை அரித்துவிடுமாம். தண்ணீர் ஊற்றி அதைப் பிரிப்பதை ஒரு வீடியோவில் பாட்டிலில் காட்டினார்கள். தனுஷ்கோடி தன் ஸ்கூட்டரின் டேங்கிலேயே ஒரு சொம்பு ஊற்றிவிட்டார். எத்தனால் சொன்ன பேச்சைக் கேட்டுத் தண்ணீரோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. என்ஜின் குடிப்பதும் அடியிலிருந்துதான் என்பது, சட்டை நனைய உதைத்த பிறகே அவருக்கு உறைத்தது.

"உன்னைக் கூட்டிட்டு ஓடிவந்த வண்டி செத்துப்போச்சு, செண்பகம்," என்றார். "எதை நம்பி அன்னிக்கு என் பின்னால ஏறினே?"

வருஷா வருஷம் கேட்கிற கேள்விதான். மனைவி சிரித்தே மழுப்பிவிடுவாள். இன்று சிரிக்கவில்லை. கிக்கரின் மேலிருந்த அவர் காலையே பார்த்தாள்.

"அன்னிக்கு முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆயிடுச்சு. இன்னொரு தடவை உதைச்சிருந்தீங்கன்னா, இறங்கி எங்க வீட்டுக்கே போயிருப்பேன்."