ஓடிபி வரலையே

“வந்துச்சாம்மா?” என்று கூடத்திலிருந்து மகள் கேட்டாள்.

சமையலறையில் நின்றிருந்த அம்மா கையிலிருந்த போனைப் பார்த்தாள். ஆறு இலக்க ஓடிபி ஜம்மென்று வந்து உட்கார்ந்திருந்தது.

“இன்னும் வரலையேடா” என்றாள். சொல்லிவிட்டு அந்தச் செய்தியை அழித்தாள்.

ஐந்து மணிக்குள் எண்ணைப் போட்டு உறுதி செய்தால் மகளுக்குக் கல்லூரியில் இடம். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும். மணி நாலு ஐம்பது. ஓடிபியை மூன்று முறைதான் கேட்கலாம் என்று கல்லூரியின் இணையதளம் கறாராகச் சொல்லியிருந்தது. அதில் ஒன்று போயிற்று.

கல்லூரி ஒரு ராத்திரிப் பயண தூரத்தில் இருந்தது. இவர்கள் குடும்பத்தில் பெண்கள் பன்னிரண்டாவதோடு சரி. அதற்கு மேல் படித்ததெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான். அந்த வழக்கத்தை உடைத்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள் இதே அம்மாதான். விண்ணப்பம் போட்டதும் அவள்தான். அதனால்தான் அதில் அவள் நம்பர்.

இயற்பியல் கேள்விகளை ஒரு எழுத்தும் புரியாமல் உரக்கப் படித்து, மகள் சொல்லும் பதிலைப் புத்தகத்தில் விரல் வைத்துச் சரிபார்ப்பாள். நுழைவுத் தேர்வன்று கேட்டுக்கு வெளியே மூன்று மணி நேரம் வெயிலில் நின்றாள். தான் உட்கார்ந்தால் உள்ளே மகளுக்கு எல்லாம் மறந்துபோகும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

அப்பா தடுப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவருக்கோ தலைகால் புரியவில்லை. ரிசல்ட் வந்த அன்றே சக்கரம் வைத்த பெட்டி வாங்கி வந்தார். வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்புவாயா என்று கேட்ட சொந்த அக்காவையே, “காலம் மாறிப்போச்சுக்கா, நீயும் மாறு” என்று வாயடைக்க வைத்தார். இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பெருமூச்சு விட்டார்கள். அம்மா சிரித்து வைத்தாள்.

இரண்டாவது ஓடிபி வந்தது. அழித்தாள்.

கூடத்தில் அப்பா நெட்வொர்க்கை நொந்துகொண்டார். லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த மகளைவிட அவர்தான் அதிகமாகப் பதறினார்.

நாலு ஐம்பத்தாறுக்கு மூன்றாவது வந்தது.

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். முதல் இரண்டு எண்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டன. கட்டைவிரல் முந்திக்கொண்டது.

மகள் ஓடிவந்து போனைப் பிடுங்கி, மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். காய்கறிக் கடைத் தள்ளுபடி இருந்தது. ஏதோ லோன் விளம்பரம் இருந்தது. ஓடிபி இல்லை. போனை அணைத்துப் போட்டாள், ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். ஐந்து மணிக்கு லேப்டாப் திரையில் நேரம் முடிந்தது என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

மகள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். அம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளும் அழுதாள், அது நடிப்பில்லை. பெற்ற பெண்ணின் தலையில் தானே கல்லைத் தூக்கிப் போட்ட பாவி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

போன வருடம் மகள் நான்கு நாள் பள்ளிச் சுற்றுலா போனாள். திரும்பி வந்தபோது அம்மாவின் இடது கையில் மாவுக்கட்டு இருந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று அப்பாதான் முந்திக்கொண்டு சொன்னார். மகள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அப்பா அதிர்ந்து பேசிக்கூட அவள் கேட்டதில்லை. மகள் வீட்டில் இருக்கும்போது அவர் கை ஓங்கியதே இல்லை. நல்ல அப்பா என்ற பெயரில் ஒரு கீறல் விழ விடமாட்டார்.

நான்கு நாளைக்கு ஒரு கை. படிப்போ நான்கு வருடம். அவர் பெட்டியோடு வந்து நின்ற அன்றுதான் அவளுக்கு இந்தக் கணக்கு உறைத்தது.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்னால இங்க இருக்க முடியாதும்மா. கொஞ்ச நாள் சித்தி வீட்டுல இருந்துட்டு வரேன்.”

வேண்டாம் என்று அம்மா சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா உள்ளே வந்து மகளின் தலையை வருடினார்.

“அதுக்கென்னடா தங்கம், ஒரு மாசம்கூட இரு. நாளைக்குக் காலைல அப்பாவே பஸ் ஏத்தி விடறேன்.”

மகள் அவரைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். அவள் தோளுக்கு மேலாக அவர் மனைவியைப் பார்த்தார்.