பின்னறைக்கு ஓர் ஆள்

மீன் விஷயத்தில் அவன் தேறிவிட்டான்.

வெள்ளிக்கிழமையில் பொரிப்பதில்லை என்று, கேட்கும் முன்பே வாக்குக் கொடுத்தான்.

இரத்தினேஸ்வரி அக்கா தலையசைத்தார். அடுத்த கேள்விக்காகக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

தடுப்பு முகாமின் பார்வையாளர் அறை. தரையோடு திருகாணியால் முடுக்கிய மேசை. சுவரோரம் ஒரு காவலர். அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரி நானும் அங்கே இருந்தேன். புதினம் பார்க்கப் போனேன் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நம்ப வேண்டாம்.

படகில் வந்து இறங்கியபோது அவனுக்கு மீசை கறுப்பாம். இப்போது பாதி வெள்ளை. குற்றம் எதுவும் இல்லை, விசா இல்லை. ஊருக்குத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று இந்த நாட்டு அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. வேறு எந்த நாடும் அவனை எடுக்கமாட்டேன் என்கிறது.

அனுப்ப இடமில்லை. விட மனமில்லை.

பந்தியிலும் இருத்தாமல், படலையையும் திறந்துவிடாமல், முற்றத்திலேயே நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இப்படி முடிவில்லாமல் ஒருவனை வைத்திருக்கச் சட்டத்தில் இடமுண்டா? புதன்கிழமை நீதிமன்றம் சொல்லப்போகிறது. விட்டால் எங்கே தங்குவான் என்று நீதிபதி கேட்கக்கூடுமாம். அவனுடைய வக்கீல், ஒரு விலாசம் தேடி அக்காவைப் பிடித்தார்.

"ஆளைப் பாக்காமல் நான் ஆருக்கும் அறை குடுக்கிறேல்லை" என்றுவிட்டார் அக்கா.

அக்கா வீட்டுப் பின்னறையைப் பற்றி நான் சொல்லக் கூடாது. சொல்கிறேன். வாடகைக்கு வந்த எந்த மாணவனும் அங்கே ஒரு குளிர்காலத்தைத் தாண்டியதில்லை. ஹீற்றர் சத்தம் கேட்டால் அக்கா கதவைத் தட்டுவார். நீதிபதியை வென்றாலும் வெல்லலாம்.

கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. குறட்டை உண்டா? குளித்தபின் தரையைத் துடைக்கும் பழக்கம்? சிநேகிதர்கள் வந்து கும்மாளம் போடுவார்களா?

சிநேகிதர்கள் எல்லாரும் இங்கே உள்ளேதான் இருக்கிறார்கள் என்றான்.

அக்கா அதையும் நல்ல பதிலாகவே எடுத்துக்கொண்டார்.

பிறகு, வாடகைக்கு வரும் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"எவ்வளவு காலம் இருப்பீர், தம்பி?"

அந்தக் கட்டிடத்தில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அது. மேசைக்கடியில் அக்காவின் காலை மிதித்தேன். அக்கா போட்ட சத்தத்தில், தமிழ் தெரியாத காவலர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

அவன் விழித்தான். காவலரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அக்காவிடம் திரும்பினான்.

"அதை நான் சொல்லலாமோ, அன்ரி?"

"பின்ன? இருக்கப்போறது நீர். பக்கத்து வீட்டுக்காரியிட்டயோ கேக்கிறது?"

என்னைத்தான் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

காவலர் மணிக்கூட்டைக் காட்டினார். பார்வை நேரம் முடிந்துவிட்டது. நான் எழுந்தேன். அக்கா எழும்பவில்லை.

அவன் தாடையைத் தடவியபடி யோசித்துக்கொண்டிருந்தான்.

அவசரமே இல்லாமல்.